இருபது டாலர் சாண்ட்விச்: ஹோட்டல் ரிசப்ஷனில் நீட்டும் நோட்டு எதை வாங்குகிறது?

லாஸ் வேகஸில் ஒரு பெரிய கசினோ ஹோட்டல். செக்-இன் வரிசையில் எனக்கு முன்னால் இருபது முப்பது பேர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நிற்க முடியாமல் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்; இரண்டு முட்டியிலும் தேய்மானம். நான் பர்ஸிலிருந்து ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்து, மடித்து, டிரைவிங் லைசென்ஸுக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவில் சொருகி வைத்துக்கொண்டேன்.

இது எனக்கு முதல் தடவை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக அதே ஊருக்குப் போனபோது, வேறொரு ஹோட்டலில் இதே வித்தையைக் காட்டி, மேல்மாடியில் ஒரு மூலை அறை வாங்கினேன். இரண்டு பக்கமும் கண்ணாடி, ஊரே கீழே தெரியும். அந்தக் கதையை நண்பர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. "இருபது டாலர்தான்யா, வேலை முடிஞ்சுது."

இந்த முறை முடியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கார்டுகளைப் பிரித்தாள், நோட்டைப் பார்த்தாள், ஒற்றை விரலால் அதை என் பக்கம் தள்ளினாள். "இது உங்களுடையதுன்னு நினைக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு நாலு பேராவது இப்படி நீட்டுவார்கள் போல. "சரி, உங்களுக்கு என்ன மாதிரி அறை வேணும்?" என்று கேட்டாள். நான் தடுமாறி, பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ தட்டினாள். கிடைத்தது நான் பணம் கட்டிய அதே வகை அறைதான். ஆனால் லிஃப்டிலிருந்து நாலாவது கதவு. அந்த மாதிரி ஹோட்டலில் நடைபாதையின் கடைசிக்குப் போவதென்றால் எங்கள் தெருமுனை வரை நடப்பது மாதிரி. அம்மாவுக்கு அதுதான் தேவையாக இருந்தது.

லிஃப்டில் அம்மா கேட்டாள். "ஏய்யா, அந்தப் புள்ளைக்கு எதுக்கு ரூவா நீட்டின?"

"நல்ல ரூமா கெடைக்கட்டுமேன்னுதாம்மா."

"மொதல்ல சும்மா கேட்டுப் பாத்தியா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பொ நமக்குப் பின்னால நின்னவுகளுக்கு?" என்றாள்.

அந்த இரண்டு கேள்விக்கும் அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வித்தை என்ன?

அமெரிக்காவில் இதற்கு "இருபது டாலர் வித்தை" என்றும், இரண்டு அட்டைக்கு நடுவில் நோட்டு இருப்பதால் "இருபது டாலர் சாண்ட்விச்" என்றும் பெயர். எங்கும் செய்து பார்க்கலாம் என்றாலும் இது லாஸ் வேகஸ் சரக்கு. செக்-இன் செய்யும்போது அட்டைகளோடு நோட்டையும் கொடுத்து, "இலவச அப்கிரேடு ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். அப்கிரேடு கிடைத்தால் நோட்டு அவர்களுக்கு. இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பது எழுதாத ஒப்பந்தம்.

இது ரகசியம் ஒன்றும் இல்லை. 2000இல் புரூஸ் ஃபெய்லர் என்ற எழுத்தாளர், நியூயார்க்கில் இடம் கிடைக்காத உணவகங்களில் நோட்டை நீட்டி மேசை வாங்க முடியுமா என்று சோதித்து 'கோர்மே' பத்திரிகையில் எழுதினார். 2003இல் டாம் கியாரெல்லா இருபது டாலர் நோட்டுகளோடு கிளம்பி, அது எந்தெந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்த்து 'எஸ்குவயர்' பத்திரிகையில் எழுதினார். 2012இல் வந்த 'ஹெட்ஸ் இன் பெட்ஸ்' என்ற புத்தகம் இன்னும் ஒரு படி மேலே. எழுதிய ஜேக்கப் டாம்ஸ்கி, நியூ ஆர்லியன்ஸிலும் நியூயார்க்கிலும் ஹோட்டல்களில் வேலை பார்த்தவர். மேசைக்குப் பின்னால் நின்ற ஆளே, ரிசப்ஷனில் இருப்பவருக்குக் காசு கொடுங்கள், பலன் இருக்கும் என்கிறார்.

ஆக வித்தை வேலை செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. எப்போது, ஏன் என்பதுதான் கேள்வி. அதற்கு அறைகள் எப்படி ஒதுக்கப்படுகின்றன என்று தெரிய வேண்டும்.

ராத்திரி தாண்டினால் வாடும் சரக்கு

சாயங்காலம் மல்லிகைப்பூ விற்கிற அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. எட்டு மணிக்கு மேல் மிச்சம் இருக்கும் பூ மறுநாள் பூ இல்லை. ஹோட்டல் அறையும் அப்படித்தான். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு இரண்டு தடவை விற்க முடியாது.

இந்தக் கணக்கை விஞ்ஞானமாக ஆக்கியது விமானக் கம்பெனிகள். 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விலைப் போட்டியாளரைச் சமாளிக்க, ஒரே விமானத்தில் சில இருக்கைகளை மட்டும் மிகக் குறைந்த விலைக்கு விற்றது. மிச்சத்தைக் கடைசி நேரத்தில் அதிகம் கொடுப்பவர்களுக்காக வைத்துக்கொண்டது. எந்த இருக்கையை எப்போது என்ன விலைக்கு விடுவது என்பதைக் கணினி கணக்குப் போட்டது. கம்பெனியின் தலைவர் ராபர்ட் கிராண்டல். அடுத்து அதே முறையை மேரியட் ஹோட்டல்களுக்குக் கொண்டுவந்தது, பிறகு எல்லோரும்.

லாஸ் வேகஸில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் ஹோட்டல் அறைகள். எம்ஜிஎம் கிராண்ட் மாதிரி ஒரே இடத்தில் சுமார் 5,000 அறைகள் உள்ள ஹோட்டல்களும் உண்டு. இவ்வளவு அறைகளைப் பத்துப் பதினைந்து வகையாகப் பிரித்து விற்கிறார்கள். ஒரே அளவு அறைதான். ஆனால் பெல்லாஜியோவில் நீரூற்றைப் பார்த்த ஜன்னல் என்றால் ஒரு விலை, பார்க்காத ஜன்னல் என்றால் ஒரு விலை.

இதில் மலிவான வகைக்குத்தான் எப்போதும் கிராக்கி. அதனால் ஹோட்டல்கள் மலிவு அறைகளை இருப்பதற்கு மேலேயே விற்றுவிடும். நூறு மலிவு அறை இருக்கும். நூற்றிப் பத்துப் பேருக்கு முன்பதிவு கொடுத்திருப்பார்கள். நாலைந்து பேர் வரமாட்டார்கள். மிச்ச ஐந்தாறு பேரை மேல்வகை அறையில் போட்டுவிடலாம், அது எப்படியும் காலியாகக் கிடக்கிறது. மேல்வகையும் நிறைந்துவிட்டால்தான் சிக்கல். அப்போது ஹோட்டல் தன் செலவில் ஆளை வேறு ஹோட்டலுக்கு அனுப்பும்.

இங்கே கவனியுங்கள். சில நாட்களில் யாரையாவது அப்கிரேடு செய்தே ஆக வேண்டிய கட்டாயம் ஹோட்டலுக்கே இருக்கிறது. அந்த ஐந்தாறு பேர் யார் என்பதுதான் கேள்வி. வழக்கமாக ஒரு வரிசை உண்டு. ஹோட்டலின் உறுப்பினர் திட்டத்தில் மேல்நிலையில் இருப்பவர்களுக்கு முதலிடம். கசினோவில் நிறையப் பணம் வைத்து ஆடுகிறவர்களைக் கவனிக்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள். நேரடியாக ஹோட்டலிலேயே பதிவு செய்தவர்கள், அதிக விலை கொடுத்தவர்கள் அடுத்து. மலிவு விலை இணையதளத்தில் பதிவு செய்தவர் பெரும்பாலும் கடைசி. பாதி அறைகள் காலையிலேயே ஆள் பெயரோடு ஒதுக்கப்பட்டுவிடும். இவ்வளவும் போக மிச்சம் இருப்பதில்தான் ரிசப்ஷன் ஊழியரின் கைக்கு வேலை. இருபது டாலர் பேசுவது அந்த மிச்சத்தோடு மட்டும்.

அந்த மிச்சம் ஞாயிறு முதல் வியாழன் வரை அதிகம், வெள்ளி சனியில் குறைவு. ஜனவரியில் சிஇஎஸ் கண்காட்சி நடக்கிற வாரத்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம். என் முதல் "வெற்றி" ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அம்மாவோடு போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். இதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

"மொதல்ல சும்மா கேட்டுப் பாத்தியா?"

அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். ஆராய்ச்சி மொழியில் அது கட்டுப்பாட்டுக் குழு பற்றிய கேள்வி. மருந்து கொடுத்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. கொடுக்காதவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இந்த வித்தை பற்றி வெளியே சுற்றும் கதைகளில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, பலித்தவர்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள் (என்னை மாதிரி). பலிக்காதவர்கள் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். இரண்டாவது ஓட்டை பெரியது: பலித்தவருக்குக்கூட, காசு கொடுத்ததால் பலித்ததா, கேட்டதால் பலித்ததா, ஒன்றும் செய்யாமலே பலித்திருக்குமா என்று தெரிய வழியில்லை. நோட்டை நீட்டும்போது நாம் இரண்டு காரியம் செய்கிறோம்: காசும் கொடுக்கிறோம், வாயைத் திறந்து கேட்கவும் செய்கிறோம். காசு கொடுக்காத பெரும்பாலோர் கேட்பதும் இல்லை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இந்த எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்கு மட்டும்தான் முக்கியம். மேல்வகை அறையின் மதிப்பு உங்களுக்குத் தங்கும் நாட்களுக்கெல்லாம் சேர்த்து 90 டாலர். சும்மா கேட்டால் நூற்றில் 15 தடவை கிடைக்கிறது. நோட்டோடு கேட்டால் நூற்றில் 40 தடவை.

சும்மா கேட்டால் சராசரி லாபம் 13.50 டாலர். நோட்டோடு கேட்டு, கிடைக்காதபோது நோட்டு திரும்பி வந்துவிடும் என்றால் லாபம் 28 டாலர். வித்தை செய்வது புத்திசாலித்தனம்தான். ஆனால் கிடைக்காவிட்டாலும் நோட்டு போனது போனதுதான் என்றால்? லாபம் 16 டாலர். சும்மா கேட்பதைவிட இரண்டரை டாலர்தான் அதிகம். அதாவது இந்த வித்தையின் லாபம் முழுக்க, எதிரே இருப்பவர் நேர்மையாக நோட்டைத் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை மேல் நிற்கிறது. அவர் முதலாளிக்கு நேர்மையில்லாமல் இருக்க வேண்டும், நமக்கு மட்டும் நேர்மையாக இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

இன்னொன்று. 40 என்ற எண்ணைக் கேட்டு மயங்கக் கூடாது. வித்தையின் பலம் 40 இல்லை; 40க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம். அந்த 15 என்ன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை.

டிப்ஸா, லஞ்சமா?

அமெரிக்காவில் இருபது வருஷம் இருந்தவனுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் அபத்தமாகத் தோன்றும். இங்கே எல்லாவற்றுக்கும் டிப்ஸ்தானே? லாஸ் வேகஸ் ஹோட்டலில் காரை நிறுத்துகிறவர், பெட்டி தூக்குகிறவர், சீட்டுப் போடுகிறவர், குடிக்கக் கொண்டு வருகிறவர் எல்லோருக்கும் கொடுக்கிறோம். ரிசப்ஷன் பெண் என்ன பாவம் செய்தாள்?

முதலில் ஒரு கட்டுக்கதையைக் கழித்துவிடலாம். டிப் என்பது "விரைவை உறுதி செய்ய" என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். உண்மை இல்லை. அது பழைய இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் "கொடு, தள்ளு" என்ற பொருளில் இருந்த சொல்.

அமெரிக்கர்களே ஒரு காலத்தில் டிப்ஸை லஞ்சம் என்றுதான் சொன்னார்கள். எஜமான்–வேலைக்காரன் பழக்கம், ஐரோப்பாவிலிருந்து வந்த நோய், ஜனநாயகத்துக்கு ஆகாது என்று எதிர்ப்பு இருந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைச் சட்டப்படி தடை செய்தது. மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி முதலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1916இல் வில்லியம் ஸ்காட் என்பவர் டிப்ஸுக்கு எதிராக 'தி இட்ச்சிங் பாம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தலைப்புக்கு "அரிக்கும் உள்ளங்கை" என்று பொருள். ஒன்றும் நிற்கவில்லை. 1926க்குள் அத்தனை தடைகளும் போய்விட்டன. சம்பளத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது முதலாளிகளுக்கு வசதியாக இருந்ததும் ஒரு காரணம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் இன்று வரை மணிக்கு 2.13 டாலர்தான். நெவாடா அந்தச் சலுகையை முதலாளிகளுக்குக் கொடுக்காத சில மாநிலங்களில் ஒன்று. 2024 ஜூலை முதல் அங்கே எல்லோருக்கும் குறைந்தபட்சம் மணிக்கு 12 டாலர்.

அப்படியானால் கோடு எங்கே? நான் மூன்று சோதனைகளை வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, நேரம். வேலை முடிந்தபின் கொடுப்பது நன்றி. முன்னால் கொடுப்பது தூண்டில். 2012இல் மாக்னுஸ் டோர்ஃபாசன், ஃபிரான்சிஸ் ஃபிளின், டேனியெலா குப்பர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொடுகிறது. டிப்ஸ் வாங்கும் தொழில்கள் அதிகம் உள்ள நாடுகளில் ஊழலும் அதிகமாக மதிப்பிடப்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒன்றால் மற்றொன்று வருகிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இந்தியாவையும் கனடாவையும் ஒப்பிட்ட பகுதி எனக்குச் சுருக்கென்று தைத்தது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கனடாக்காரர்கள் நடந்த சேவைக்கு நன்றியாக நினைத்துக் கொடுப்பது அதிகம். நம்மவர்கள் இனிமேல் நல்ல கவனிப்பு கிடைக்கட்டும் என்று நினைத்துக் கொடுப்பது அதிகம். என் இருபது டாலர் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு, வெளிச்சம். கசினோவில் சீட்டுப் போடுகிறவருக்கு நீங்கள் ஒரு சில்லு கொடுத்தால், அவர் அதைப் பெட்டியில் போடுமுன் மேசையில் தட்டிக் காட்டுவார். மேலே இருக்கும் கேமராவுக்கு அது தெரிய வேண்டும். வாங்குவது எல்லோருக்கும் தெரிந்து நடக்கிறது. நான் என் நோட்டை மடித்து இரண்டு அட்டைக்கு நடுவில் ஒளித்தேன். நல்ல காரியத்துக்கு ஏன் சாண்ட்விச்?

மூன்று, அது யாருடைய பொருள்? பெட்டி தூக்குகிறவர் விற்பது தன் உழைப்பை. ரிசப்ஷன் ஊழியர் அப்கிரேடு கொடுத்தால், கொடுப்பது ஹோட்டலின் அறையை. பல ஹோட்டல்களில் மேல்வகை அறையை ராத்திரிக்கு இத்தனை டாலர் கூடுதல் என்று ரிசப்ஷனிலேயே விற்கச் சொல்வார்கள், விற்றால் ஊழியருக்குக் கமிஷனும் உண்டு. நோட்டை வாங்கி அறையைச் சும்மா கொடுப்பது அந்த விற்பனையைக் கெடுப்பதுதான். நியூயார்க் மாநிலக் குற்றச் சட்டத்தில் வணிக லஞ்சம் என்று ஒரு குற்றமே இருக்கிறது: முதலாளியின் சம்மதம் இல்லாமல், அவருடைய தொழில் விஷயத்தில் ஊழியரின் நடத்தையை மாற்றும் நோக்கத்தோடு அவருக்கு நன்மை செய்வது. "சம்மதம் இல்லாமல்" என்பதுதான் அதில் முக்கியமான சொல். ஹோட்டல் தெரிந்தே கண்டும் காணாமல் விட்டால் அது ஒரு வகை. வேண்டாம் என்று விதி வைத்திருந்தால் வேறு வகை. வாடிக்கையாளருக்கு எது என்று தெரியாது. ஆபத்து முழுக்க எதிரே நிற்கிறவருக்கு. எனக்குப் போனால் இருபது டாலர். அவளுக்குப் போனால் வேலை.

நம் ஊரில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். சந்தோஷமாகக் கொடுத்தால் இனாம். தவறாமல் கொடுத்தால் மாமூல். ஒளித்துக் கொடுத்தால் லஞ்சம். "ஏதோ டீ செலவுக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் எதில் சேர்ப்பது என்று நமக்கே குழப்பம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் "டீ செலவு" கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். லாஸ் வேகஸில் நானே எடுத்து நீட்டும்போது அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

பின்னால் நின்றவர்கள்

அம்மாவின் இரண்டாவது கேள்விதான் கடினமானது. மேல்வகை அறைகள் நிறையக் காலியாக இருக்கும் செவ்வாய்க்கிழமையில் நான் ஒன்றை எடுத்துக்கொண்டால் வரிசையில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அன்றைக்குக் காசே தேவைப்படாது, கேட்டாலே கொடுத்துவிடலாம். அறைகள் இல்லவே இல்லாத நாளில் காசு கொடுத்தும் பயனில்லை. காசு உண்மையிலேயே எதையாவது மாற்றுவது நடுவில் உள்ள நாட்களில்தான்: அறை இரண்டே இரண்டு, கேட்பவர் ஐந்து பேர். அந்த நாளில் நான் வாங்குவது இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டியது. லிஃப்ட் பக்கத்து அறையையும் அப்படி ஒருவர் இருபது டாலருக்கு வாங்கியிருந்தால், அம்மா நடைபாதையின் கடைசிவரை நடந்திருப்பாள்.

இன்னொரு விஷயம் பிறகு தெரிந்து வெட்கப்பட்டேன். அமெரிக்காவில் 1990இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கேற்ற அறைகள் ஹோட்டல்களில் இருக்க வேண்டும். 2012 மார்ச் முதல், அந்த அறைகளை மற்ற அறைகளைப் போலவே முன்பதிவு செய்ய முடிய வேண்டும், பதிவு செய்தவருக்கு அதே அறையைப் பிடித்து வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கைப்பிடி வைத்த குளியலறை அம்மாவுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! லிஃப்ட் பக்கத்து அறை என்பது உரிமை அல்ல, வேண்டுகோள்தான். ஆனால் பதிவு செய்யும்போதே இரண்டையும் கேட்டிருக்கலாம். கேட்பதை விட்டுவிட்டு நோட்டை மடித்துக்கொண்டு நின்றேன்.

இனி என்ன செய்யலாம்?

இந்த வித்தைக்கே நாட்கள் எண்ணப்படுகின்றன என்று நினைக்கிறேன். முன்பு லாஸ் வேகஸ் இசை, நகைச்சுவை அரங்குகளில் இருக்கை எண் கிடையாது. வாசலில் நிற்கும் மேலாளர் கையில் நோட்டு வைத்தால் முன்வரிசை. எண் போட்ட டிக்கெட் வந்ததும் அந்த வருமானம் நின்றது. இப்போது ஹோட்டலிலும் போனிலேயே செக்-இன், போனே சாவி. வருவதற்கு முன்பே "இத்தனை டாலர் கூடுதலாகக் கொடுத்தால், காலியிருந்தால் மேல்வகை அறை தருகிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறது. இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் கம்பெனியான நார்-1ஐ 2020இல் ஆரக்கிள் வாங்கியது. அதாவது அந்த இருபது டாலரை ஹோட்டலே நேரடியாக வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வெளிப்படையாக நடப்பது நல்லதுதான். ஆனால் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் அம்மாவை எட்டிப் பார்க்க அந்த மென்பொருளுக்குக் கண் கிடையாது.

என்னைக் கேட்டால்: ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். உறுப்பினர் திட்டம் இலவசம் என்றால் சேர்ந்துவிடுங்கள். என்ன தேவை என்பதை இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்து சொல்லுங்கள், செக்-இன் மேசையிலும் ஒருமுறை சொல்லுங்கள். முடிந்தால் வார நடுவில் போங்கள். "நல்ல அறை" என்று கேட்காமல், உயரமான மாடியா, சத்தம் இல்லாத பக்கமா, லிஃப்ட் பக்கமா என்று குறிப்பாகக் கேளுங்கள். அவர்களுக்கும் தேட வசதி. உதவி செய்தவருக்கு ஏதாவது செய்யத் தோன்றினால், வேலை முடிந்தபின், மடிக்காமல் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அறை சுத்தம் செய்கிறவருக்குத் தினமும் வையுங்கள். ஆள் தினம் மாறலாம். கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் முதல் நாள் வந்தவருக்குப் போகாது.

நாங்கள் கிளம்பும் நாளில் அந்தப் பெண் பணியில் இல்லை. ஹோட்டல் அனுப்பிய கருத்துப் படிவத்தில், அவள் பேட்ஜில் பார்த்த பெயரைப் போட்டு, என்ன செய்தாள் என்று நாலு வரி எழுதினேன். நோட்டு விஷயத்தை எழுதவில்லை.

போன மாதம் வேலை விஷயமாக மறுபடி அதே ஊர். முன்னாடியே போன் செய்து மேல்மாடி கேட்டேன். செக்-இன் மேசையிலும் கேட்டேன். இன்றைக்கு இல்லை, மன்னிக்கணும் என்றார்கள். ஆறாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் கட்டடம். இருபது டாலர் பர்ஸிலேயே இருந்தது. நீட்டியிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒருத்தனுக்கு எதுக்குய்யா ஜன்னலு, தூங்கத்தானே போற" என்றாள்.